50 நியூட்டனும் இரண்டு கைகளும்

தண்ணீரின் ஆழம் 1.1 மீட்டர். என் உயரம் 1.68 மீட்டர். எழுந்து நின்றிருந்தால் நெஞ்சுக்குக் கீழேதான் தண்ணீர் இருந்திருக்கும். நான் நிற்கவில்லை. கயாக் கவிழ்ந்ததும் இரண்டு கைகளையும் மேலே தூக்கினேன். கத்தினேன். வாய்க்குள் தண்ணீர் போனது. மறுபடியும் கத்தினேன். துடுப்புப் போடச் சொல்லித்தந்த குப்பத்துப் பையன் 15 மீட்டர் தள்ளியிருந்து, "சார், எழுந்து நில்லுங்க சார்!" என்று கூவியது காதில் விழுந்த பிறகுதான் கால் சேற்றைத் தேடியது. பின்னால் வந்த படகிலிருந்து அக்கா மகள் கைபேசியில் எடுத்த வீடியோ இன்னும் இருக்கிறது. கவிழ்ந்ததிலிருந்து நின்றது வரை 19 நொடி. உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருந்தது. மூன்று பூட்டும் போட்டுத்தான் இருந்தேன்.

குடும்பத்தில் எல்லோரும் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தாயிற்று. நானும் சிரித்தேன். ஆனால் கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு ஒரு தொகை நேராகாவிட்டால் தூக்கம் வராது. மிதக்க வைப்பதற்காகவே செய்த உடுப்பைப் போட்டிருந்தேன். பிறகு ஏன் வாய்க்குள் தண்ணீர் போனது?

அன்று காலை சென்னைக்குத் தெற்கே ஓர் உப்பங்கழியில் நாங்கள் 8 பேர். "யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும்?" என்று கேட்டார்கள். 3 கைகள் உயர்ந்தன. மீதி 5 பேருக்கும் கிடைத்தது ஒரே பதில்: "ஜாக்கெட் இருக்கு, ஒண்ணும் ஆகாது." பதில் தெரிந்த பிறகும் எதுவும் மாறவில்லை என்றால் கேள்வியை எதற்குக் கேட்டார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

கரைக்கு வந்து முதலில் செய்தது, ஜாக்கெட்டின் உள்பக்கம் தைத்திருக்கும் துணிப்பட்டையைத் தேடியதுதான். வாடகை ஜாக்கெட்டில் அது தேய்ந்து போயிருந்தது. கடைக்குப் போய்ப் புதியதைப் பார்த்தேன். மிதவை உடைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 12402 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. அதில் நான்கு படிகள்: 50, 100, 150, 275 நியூட்டன். 9.8 நியூட்டன் என்பது ஒரு கிலோ எடையைத் தாங்கும் விசை. அப்படியானால் 50 நியூட்டன் உடை 5.1 கிலோவைத் தாங்கும். 150 நியூட்டன் உடை 15.3 கிலோவை. கப்பல்களிலும் ஆழ்கடல் படகுகளிலும் வைப்பது பெரிய எண்கள். நினைவிழந்தவரைக்கூட மல்லாக்கப் புரட்டி முகத்தை மேலே வைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டவை அவை. தோளிலும் கழுத்திலும் பருமனாக இருக்கும், துடுப்பை வீச விடாது. அதனால் கயாக் ஓட்டுபவர்கள் போடுவது பெரும்பாலும் மிகக் கீழே உள்ள படியான 50. அந்தப் படிக்குத் தரமே வைத்திருக்கும் நிபந்தனை இதுதான்: நீந்தத் தெரிந்தவருக்கு மட்டும், கரையோ உதவியோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பெயரிலேயே அது உயிர்காப்பு உடை அல்ல, மிதவைத் துணை. நம் ஊரில் இரண்டையும் லைஃப் ஜாக்கெட் என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

5.1 கிலோவை வைத்துக்கொண்டு உடம்புக்கு ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். என் எடை 70 கிலோ. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்த நிலையில் மனித உடம்பின் அடர்த்தி ஏறத்தாழ 0.98. அப்படியானால் என் கொள்ளளவு 71.4 லிட்டர். நல்ல தண்ணீரில் முழுக்க அமிழ்ந்தால் 71.4 கிலோ நீரைத் தள்ளுவேன். தண்ணீர் என்னைத் திருப்பித் தள்ளுவதும் அதே அளவு. வரவு 71.4, பற்று 70, இருப்பு 1.4 கிலோ. கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்பதால் அங்கே இருப்பு 3.2 கிலோவாகக் கூடும். என்னை நல்ல தண்ணீர்க் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன். உப்பங்கழியில் மழைக்காலத்தில் அதுதான் நிலை.

இனி மூச்சை விடுகிறேன். கத்துவது என்றால் மூச்சை விடுவதுதான். நுரையீரலிலிருந்து 3, 4 லிட்டர் காற்று போய்விட்டால் கொள்ளளவு 68 லிட்டருக்கு வந்துவிடும். இப்போது வரவு 68, பற்று 70. 2 கிலோ கடன். ஒரே ஒரு கத்தலில் 1.4 கிலோ இருப்பு 2 கிலோ கடனாகிறது.

ஜாக்கெட்டின் 5.1 கிலோவைச் சேர்ப்போம். தண்ணீருக்கு வெளியே இருக்கும் எந்த உறுப்பையும் தண்ணீர் தாங்காது. அதன் முழு எடையும் பற்றுப் பக்கம் போகும். தலை 5 கிலோ என்று வைத்துக்கொண்டால்:

மூச்சு நிறைந்து, கை தண்ணீருக்குள்: 1.4 + 5.1 − 5.0 = 1.5 கிலோ இருப்பு.
மூச்சு விட்டு, கை தண்ணீருக்குள்: −2.0 + 5.1 − 5.0 = 1.9 கிலோ கடன்.
மூச்சு நிறைந்து, இரண்டு கையும் மேலே: 1.5 − 7.0 = 5.5 கிலோ கடன்.
மூச்சு விட்டு, இரண்டு கையும் மேலே: 8.9 கிலோ கடன்.

ஒரு கை உடம்பின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு, எனக்கு 3.5 கிலோ. தோள்வரை இரண்டையும் வெளியே தூக்கினால் 7 கிலோ. கடன் என்றால் அடிவரை மூழ்கிவிடுவேன் என்று பொருள் இல்லை. கடனுக்கு ஈடாகத் தலையின் ஒரு பகுதியோ கையின் ஒரு பகுதியோ தண்ணீருக்குள் போய் அங்கே கணக்கு நேராகும். தலையில் 1.9 கிலோ உள்ளே போக வேண்டுமானால் முதலில் போவது தாடையும் வாயும். வாய்க்குள் தண்ணீர் போனதன் காரணம் இரண்டாவது வரியிலேயே முடிந்துவிட்டது. நான் நின்றது நான்காவது வரியில்.

நீச்சல் தெரிந்தவர் ஜாக்கெட்டோடு விழும்போது என்ன செய்கிறார் என்று கவனித்தால், பெரிதாக எதுவும் செய்வதில்லை. கையைத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறார். தலையைப் பின்னால் சாய்க்கிறார். மூச்சை இழுத்து வைத்துக்கொள்கிறார். ஒரு முறை அமுங்கி எழுந்தால் அது சாவு இல்லை என்று அவர் உடம்புக்குத் தெரியும். முதல் வரியின் 1.5 கிலோ இருப்பைக் கலைக்காமல் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஜாக்கெட் கொடுக்கும் 5.1 கிலோ அவருக்கும் எனக்கும் ஒன்றுதான். செலவு செய்யும் விதம்தான் வேறு.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்க் கிணற்றில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்குவார்கள். காய்ந்த குடுக்கை 5 லிட்டர் இருந்தால், அதன் சொந்த எடை அரைக் கிலோ போக 4.5 கிலோவைத் தாங்கும். நியூட்டனில் 44. கடையில் விற்கும் ஜாக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட சமம்! என் சித்தப்பா மகன் குடுக்கையோடு ஒரு வாரம், குடுக்கை இல்லாமல் ஒரு வாரம் என்று 2 வாரத்தில் பழகிவிட்டான். எனக்குக் கிணற்றைக் கண்டால் பயம். குடுக்கையைக் கட்டும்போதே அழுது, தப்பித்துவிட்டேன். குடுக்கையைக் கட்டிவிட்டு, "இனிமே இவனுக்கு நீச்சல் வேண்டாம், அதான் குடுக்கை இருக்கே" என்று எந்தச் சித்தப்பாவும் சொல்லிக் கேட்டதில்லை. அதைக் கழற்றுவதற்காகத்தான் கட்டினார்கள்.

ஜாக்கெட் சரியாகப் பொருந்தாவிட்டால் 5.1 என்ற எண்ணே பொய். தளர்வாகக் கட்டினால் ஜாக்கெட் மட்டும் 10 சென்டிமீட்டர் மேலே ஏறி மிதக்கும், ஆள் உள்ளே தொங்குவார். தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே இழுக்கும்போது ஜாக்கெட் காதுவரை வந்தால் அது அளவு இல்லை. வாடகைக்குக் கொடுக்கும் இடங்களில் எல்லோருக்கும் ஒரே அளவு. என்னோடு வந்த 8 பேரில் 45 கிலோக்காரரும் இருந்தார், 95 கிலோக்காரரும் இருந்தார்.

அடுத்த பக்கம் நேரக் கணக்கு.

நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குபவர்களைப் படமெடுத்து ஆராய்ந்தவர். நீச்சல் தெரியாதவர் தண்ணீரின் மேற்பரப்பில் போராடுவது 20 முதல் 60 நொடி வரைதான் என்றார். அந்த நேரத்தில் அவர்களால் கூப்பிடவோ கையசைக்கவோ முடிவதில்லை. சினிமாவில் காட்டுவது போலச் சத்தம் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாமல் முடிந்துவிடும். என்னால் கத்த முடிந்ததே ஜாக்கெட்டின் தயவு. பழகிய ஒருவர் கயாக்கை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்துவார். அது நிமிடத்துக்கு 100 மீட்டர். 60 நொடி கிடைத்தால் 100 மீட்டருக்குள் இருக்கும் வழிகாட்டி வந்து சேரலாம். 20 நொடிதான் என்றால் 33 மீட்டர். அவர் படகைத் திருப்ப வேண்டும், முதலில் பார்க்கவும் வேண்டும். அதற்கு 10 நொடி கழித்தால் 17 மீட்டர் மிஞ்சுகிறது. அந்தக் குப்பத்துப் பையன் 15 மீட்டரில் இருந்தான். எதேச்சையாக.

8 பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது அமைதியான நீர்நிலைகளில் பரவலாக ஏற்கப்பட்ட விகிதம். 8 கயாக்குகள் 10 மீட்டர் இடைவெளியில் வரிசையாகப் போனால் முதல் படகுக்கும் கடைசிப் படகுக்கும் நடுவே 70 மீட்டர். இருவர் ஒரே நேரத்தில் கவிழ்ந்தால் ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பு நீச்சல் தெரிந்தவருக்கு 5 நிமிட அலுப்பு. தெரியாதவருக்கு, ஜாக்கெட் போட்டிருந்தாலும், நான்காவது வரியில் 5 நிமிடம்.

தூரக் கணக்கை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. நீச்சல் தெரிந்தவர்களின் அகந்தை அடிபடும் பக்கம் இது. ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஒரு கையில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நீந்தினால் சாதாரண ஆளுக்கு மணிக்கு 1.5 கிலோமீட்டர் வந்தாலே அதிகம். நிமிடத்துக்கு 25 மீட்டர். 200 மீட்டர் அகலமுள்ள கழியின் நடுவில் கவிழ்ந்தால் கரைக்கு 4 நிமிடம். பரவாயில்லை. ஆனால் ஆளில்லாத கயாக் காற்றில் போகும். லேசான காற்றில் அது மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 17 மீட்டர். ஒரு நிமிடம் தடுமாறிவிட்டுத் துரத்தினால், நிமிடத்துக்கு 8 மீட்டர்தான் நெருங்க முடியும். பிடிக்க 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். காற்று இரட்டிப்பாகிப் படகு நிமிடத்துக்கு 33 மீட்டர் போனால் ஒருநாளும் பிடிக்க முடியாது. விழுந்த நொடியிலேயே படகை ஒரு கையால் பிடி என்று சொல்லித்தருவதன் காரணம் இந்தக் கழித்தல்தான். பிடிக்க வேண்டிய கை வானத்தில் இருந்தால் படகு போய்விடும்.

கடலோரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. சென்னைக் கரையில் விடிகாலையில் கடல் கண்ணாடி போலிருக்கும். கயாக் ஓட்டுபவர்கள் அந்த நேரத்தைத்தான் விரும்புவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த அமைதிக்குக் காரணம் கச்சான், நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் மேற்குக் காற்று. கரையோரத்தில் அலையைத் தட்டையாக்கிவிட்டு, போகப் போகப் பின்னாலிருந்து தள்ளும். போகும்போது உடம்புக்குச் சுகமாக இருக்கும். 1 கிலோமீட்டர் போன பிறகு கவிழ்ந்து படகையும் விட்டுவிட்டால், மணிக்கு 1.5 கிலோமீட்டர் நீச்சலில் எதிர்க்காற்றும் நீரோட்டமும் அரைக் கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளும். கரைக்கு ஒரு மணி நேரம். துடுப்போடு படகில் இருந்திருந்தால் 15 நிமிடம். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பிக் கரைப்பக்கம் தள்ளும், ஆனால் அதுவரை மிதந்திருக்க வேண்டும். நல்லவேளை, வங்கக் கடல் ஒரு வெந்நீர்த் தொட்டி. குளிர் என்ற செலவினம் நமக்குப் பெரும்பாலும் இல்லை.

அந்தச் செலவினம் இருக்கும் ஊரில் என்ன நடந்தது என்பதற்கு இங்கிலாந்தின் லைம் விரிகுடாவைப் பார்க்கலாம். 1993 மார்ச் 22. பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் 8 பேர், ஓர் ஆசிரியர், பயிற்றுநர்கள் 2 பேர். லைம் ரெஜிஸிலிருந்து சார்மத் வரை சில கிலோமீட்டர் பயணம். கரையிலிருந்து வீசிய காற்று வெளியே இழுத்துப் போனது. தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே. மணிக்கணக்கில் நீரில் கிடந்தார்கள். மாணவர்கள் 4 பேர் இறந்தார்கள். நடத்திய நிறுவனத்துக்கு 60,000 பவுண்ட் அபராதம், அதன் இயக்குநருக்கு 3 ஆண்டு சிறை (மேல்முறையீட்டில் 2 ஆண்டானது). 1995-இல் சாகசப் பயிற்சி மையங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அந்தக் குளிரில் நீச்சல் மட்டும் யாரையும் காப்பாற்றியிருக்காது. நீச்சலே எல்லாம் என்று இந்தக் கட்டுரையை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதே எச்சரிக்கையை அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை எண்ணாகவே தருகிறது. அந்த ஆண்டு பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். காரணம் தெரிந்த சாவுகளில் 75 விழுக்காடு நீரில் மூழ்கியவை. மூழ்கியவர்களில் 87 விழுக்காட்டினர் மிதவை உடை அணியவில்லை. 100 சாவாகக் கொண்டால் 75 மூழ்கல். அதில் 65 உடை இல்லாதவர்கள், 10 உடை போட்டவர்கள். திறந்த மோட்டார் படகுகளுக்கு அடுத்தபடியாக அதிக உயிர்களை வாங்கிய படகு வகை கயாக்தான். அந்த 65 பேரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? "எனக்கு நீச்சல் தெரியும், ஜாக்கெட் எதுக்கு" என்பவர் அந்தப் பக்கம் நிற்கிறார். "ஜாக்கெட் இருக்கு, நீச்சல் எதுக்கு" என்ற நான் 10 பேர் பக்கம் நின்றேன். இரண்டு பக்கமும் ஒரே பேரேட்டில்தான் இருக்கின்றன. ஆனால் 65-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்கவும் கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று யாராவது என்னை மடக்கினால் ஜாக்கெட்டைத்தான் எடுப்பேன்.

இந்தியாவில் கயாக் சாவுகளை யாரும் தனியாகப் பிரித்து எழுதுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தொகையில் 2022-இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000-க்கும் மேல். நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல். கிணறு, குளம், ஆறு, கல்குவாரி, கடல் எல்லாம் ஒரே கட்டத்தில். 2009 செப்டம்பர் 30 தேக்கடியில் 45 பேர், 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர் என்று படகு கவிழ்ந்த பெரிய நாள்கள் மட்டும் நினைவில் நிற்கின்றன. அவை கயாக் அல்ல. கயாக்கில் ஒரு நேரத்தில் ஒருவரோ இருவரோதான் போவார்கள். அந்தச் செய்தி நாலு வரியில் முடிந்துவிடும்.

ஆற்றைப் பற்றி ஒரு பத்தி போதும். கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் மழைக்காலத்தில் கயாக் பந்தயம் நடக்கிறது. அந்த மாதிரி நீரில் நீச்சல் என்ற சொல்லுக்கே பொருள் வேறு. ஓடும் நீரின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அரைச் சதுர மீட்டர் உடம்பின் மேல் நொடிக்கு 1 மீட்டர் ஓட்டம் 25 கிலோ எடைபோல அழுத்தும். 2 மீட்டர் என்றால் 100 கிலோ. 3 மீட்டர் என்றால் 230 கிலோ. பிரேசிலின் செசார் சியேலோ 2009-இல் 50 மீட்டரை 20.91 நொடியில் நீந்தியது நொடிக்கு 2.4 மீட்டர் வேகம். அவரை 3 மீட்டர் ஓட்டத்துக்கு எதிராக இறக்கினால் அவரும் பின்னால்தான் போவார். அங்கே விழுந்தவர் மல்லாந்து, காலை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, பாதத்தை மேலே வைத்துப் போக வேண்டும். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இறங்கும்வரை எழுந்து நிற்கக் கூடாது. கால் பாறையிடுக்கில் மாட்டினால் அந்த 230 கிலோ முதுகில் ஏறும். உப்பங்கழியில் என்னைக் காப்பாற்றிய "எழுந்து நில்லுங்க சார்" அங்கே கொன்றுவிடும்.

பணத்துக்கு வருவோம். நீச்சல் கற்றுத்தருவது எவ்வளவு லாபமான முதலீடு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த நாடு வங்கதேசம். 2006 முதல் 2010 வரை அங்கே ஊர்க் குளங்களில் மூங்கில் தட்டி கட்டி, 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நீச்சல் பழக்கினார்கள். தேர்ச்சிக்கு 25 மீட்டர் நீச்சல், 30 நொடி மிதப்பு. ஏறத்தாழ 79,000 குழந்தைகள். கற்றவர்களிடையே மூழ்கிச் சாகும் வாய்ப்பு கல்லாதவர்களோடு ஒப்பிட 93 விழுக்காடு குறைந்தது என்று 2012-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஓர் ஆரோக்கிய ஆயுள் ஆண்டைக் காக்க ஆன செலவு 85 டாலர். மூங்கிலும் குளமும் ஊர்க்காரரே பயிற்சியாளரும் என்பதால் வந்த விலை அது.

என் விலை வேறு. மாநகர நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பு மாதம் 3,500 ரூபாய், 2 மாதம்: 7,000. கண்ணாடி, தொப்பி, உடுப்பு: 1,200. ஆக 8,200. மாதம் 12 வகுப்பு, வகுப்புக்கு 45 நிமிடம். மொத்தம் 18 மணி நேரம். மணிக்கு 456 ரூபாய். அதற்கு முந்தைய ஓராண்டில் கயாக் வாடகைக்கு 7 முறை 900 வீதம் 6,300 கொடுத்திருக்கிறேன். சொந்த ஜாக்கெட் 2,400. இரண்டும் சேர்ந்தால் 8,700. கற்பதற்கு ஆனதைவிட கற்காமல் மிதந்ததற்கு 500 ரூபாய் அதிகமாகக் கொடுத்திருக்கிறேன். ஊருக்கு ஊர் கட்டணம் மாறும், பெட்ரோல் கணக்கும் இதில் இல்லை.

எவ்வளவு நீச்சல் போதும் என்று தேடினால் பெரிய எண்கள் கிடைப்பதில்லை. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கேட்பது ஐந்து செயல்கள்: தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் இறங்குவது, மேலே வந்து 1 நிமிடம் மிதப்பது, சுற்றித் திரும்பி வெளியேறும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அங்கே 25 கஜம் நீந்துவது, ஏணி இல்லாமல் வெளியேறுவது. 25 கஜம் என்பது 23 மீட்டர். அமெரிக்கச் சாரணர்கள் தனியாகப் படகு ஓட்டும் முன் 100 கஜம் கேட்கிறார்கள், கடைசி 25 மல்லாந்து ஓய்வாக, பிறகு மிதப்பு. நான் பயிற்சியாளரிடம் 50 மீட்டர் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு 4 அடிப் பகுதியிலிருந்து ஆழமான பக்கம் கூட்டிப் போனார். 4 அடியில் நீந்தும் 25 மீட்டரில், கால் எட்டும் என்ற தைரியம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கழியில் கால் எட்டினாலும் சேறு, சேற்றுக்குள் சிப்பி.

கடைசிச் செயல், ஏணி இல்லாமல் ஏறுவது, கயாக்காரருக்கு மற்ற நான்கையும்விடப் பெரியது. உள்ளே உட்கார்ந்து ஓட்டும் மூடிய கயாக்கில் 150 லிட்டர் தண்ணீர் புகுந்தால் படகு 150 கிலோ கூடும்; அதை ஒருவர் தனியாகத் திருப்பிக் கொட்டுவது மிகக் கடினம். வாடகைக்கு விடப்படும் மேலே உட்காரும் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் புக அதில் திறந்த வயிறு கிடையாது. நம் கட்டுமரமும் அப்படித்தான். அலை அடித்துப் போட்டாலும் மரம் மூழ்காது, ஆள் மறுபடி ஏறிக்கொள்வார். ஆனால் ஏறுவதற்குக் காலை உதைத்து உடம்பைப் படுக்கைவசமாகக் கொண்டுவர வேண்டும், மார்பை மேலே தள்ள வேண்டும், புரள வேண்டும். அந்த உதை நீச்சலின் உதைதான். கை வலிமையால் மட்டும் ஏறப் பார்ப்பவர்கள் படகைத் தங்கள் மேலேயே கவிழ்த்துக்கொள்கிறார்கள். நான் 4 முறை கவிழ்த்துக்கொண்டேன்.

24 வகுப்புகள் முடிந்து, அதே கழிக்கு, அதே பையனோடு போனேன். இந்த முறை 3 மீட்டர் ஆழத்தில். அன்று மாலை குறிப்பேட்டில் எழுதியது:

மல்லாந்து மிதந்தது, ஜாக்கெட் இல்லாமல், குளத்தில்: 4 நிமிடம் 10 நொடி.
ஜாக்கெட்டோடு, ஒரு கையில் துடுப்பு, 25 மீட்டர்: 1 நிமிடம் 5 நொடி.
கயாக்கில் திரும்ப ஏற முயன்றது: 9. ஏறியது: 5.
கவிழ்ந்தது: 3. வேண்டுமென்றே: 2.
கை மேலே போனது: 1.